கோண்டாவிலும் சுன்னாகமும்: யாழ்ப்பாணத்துக்கு வடக்கேயுள்ள சிறிய ரயில் நிலையங்கள்

உங்கள் கேள்வி இது. கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்து கோண்டாவிலில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறீர்கள். நடந்து போகிற தூரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. கந்தோர் யாழ்ப்பாண நகரத்துக்குள். நாளாந்தம் ரயிலில் போய்வரலாமா, அந்தச் சிறிய நிலையங்களில் என்ன வசதி இருக்கிறது, அவை எந்தக் காலத்தில் வந்தவை?

முதலில் நேரான பதில். நகரத்துக்குள் வேலை என்றால் இப்போதைக்கு பஸ்ஸை நம்புங்கள். கொடிகாமம், கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வேலை என்றால் ரயிலைவிட நல்ல வழி இல்லை. வீட்டு வாசலில் நிலையம் இருந்தும் நகரத்துக்குப் போக அது உதவாமல் இருப்பது ஏன் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

வடக்குப் பாதை கொழும்பிலிருந்து மெல்ல மெல்ல நீண்டு கடைசியில் யாழ்ப்பாணத்தைத் தொட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குடாநாட்டுப் பகுதி தனியாகத்தான் தொடங்கியது. 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் முதல் வண்டி ஓடியது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர் வண்டி வந்தது 1905 ஓகஸ்ட் 1 அன்று. இடைப்பட்ட மூன்று வருடங்களும் இந்தப் பாதை தெற்கோடு தொடர்பில்லாமல் தனித்தே கிடந்தது. தண்டவாளமும் என்ஜினும் கடல்வழியாகத்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும், வேறு வழி இருக்கவில்லை. அந்த மூன்று வருடங்களில் ஏறியவர்கள் யார்? காங்கேசன்துறை, தெல்லிப்பழை, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் சாவகச்சேரிப் பக்கமான தென்மராட்சிக்கும் போய்வந்த ஊர்ச்சனங்கள்தான். அதாவது உங்கள் வீட்டுப் பக்கத்துப் பாதை பிறந்ததே உள்ளூர்ப் பாதையாகத்தான். கொழும்பு பிறகு வந்து சேர்ந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளாந்தப் பயணத்துக்கு ரயில் கேட்பது ஏதோ புதிய ஆசை என்று சிலர் நினைக்கிறார்கள். அது பழைய உரிமை.

1905 க்குப் பிறகு நிலைமை மாறியது. கொழும்பில் எழுதுவினைஞர் வேலை, தெற்கில் சுருட்டுக்கடை என்று யாழ்ப்பாணத்து வீடுகளின் பிழைப்பே ரயிலோடு கட்டுப்பட்டது. புகையிலையும் வெங்காயமும் மாம்பழமும் தெற்கே போயின. தெற்கிலிருந்து மாதச் சம்பளமும் லீவில் வரும் அப்பாக்களும் வந்தார்கள். மலாயா ரயில்வேயில் நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் யாழ்ப்பாணத்தார் பெருந்தொகையாக வேலைபார்த்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பென்ஷனோடு ஊர் திரும்பி வீடு கட்டியவர்கள் இந்தப் பாதை ஓடும் வலிகாமத்து ஊர்களில் நிறையப் பேர். ரயில் உத்தியோகம் இந்த மண்ணில் மதிப்பான உத்தியோகமாக இருந்தது.

1956 ஏப்ரல் 23 அன்று கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான யாழ் தேவி வண்டி ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்தில் ரயில்வே பொது முகாமையாளராக இருந்தவர் பி. டி. ரம்பால. அதற்கு முன் ரயில்வேயின் பிரதான இயந்திரப் பொறியியலாளர் பதவிக்கு வந்த முதல் இலங்கையரும் அவர்தான். தூர வண்டிகளுக்குப் பெயர் வைத்து, நேரத்துக்கு ஓடவைத்து, மக்களுக்கு அவற்றின்மேல் ஒரு பாசத்தை உண்டாக்கியவர். நீராவி என்ஜின்களின் இடத்தைக் கனடா தந்த டீசல் என்ஜின்கள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர்களோடு அவை இன்றும் இலங்கையில் ஓடுகின்றன. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் போய்க் குடியேறிய மாகாணத்தின் பெயர் அதற்கு முன்பே இந்தத் தீவின் தண்டவாளங்களில் ஓடியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு வியப்பு.

சரி, நிலையங்களுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே போனால் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், கடைசியில் காங்கேசன்துறை. ஏறத்தாழ 18 கிலோமீற்றருக்குள் எட்டு நிறுத்தங்கள். தூரப் பாதையில் இவ்வளவு நெருக்கமாக யாரும் நிலையம் வைப்பதில்லை. இது புறநகர்ப் பாதைக்குரிய இடைவெளி. பாதை பெரும்பாலும் காங்கேசன்துறை வீதிக்குச் சமாந்தரமாகப் போவதால் ஒவ்வொரு ஊரின் நடுவிலும் அல்லது நடுவுக்குக் கிட்டவும் ஒரு நிலையம் அமைந்துவிட்டது.

கொக்குவிலில் இறங்கினால் கொக்குவில் இந்துக் கல்லூரியும் தொழில்நுட்பக் கல்லூரியும் கிட்ட. திருநெல்வேலியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சைக்கிளில் சில நிமிடம்தான். உங்கள் கோண்டாவிலை வெளியூர்க்காரருக்கு அடையாளம் காட்டுவது பஸ் டிப்போ. இணுவிலில் கந்தசுவாமி கோவில் இருக்கிறது, அதன் மஞ்சம் என்ற சிற்பத் தேரைப் பார்க்கவே தைப்பூசத்தில் சனம் வரும். மக்லியொட் ஆஸ்பத்திரியும் அங்கேதான். தவிலும் நாதஸ்வரமும் பரம்பரையாக வாசிக்கும் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. மல்லாகத்துக்கு வழக்குக்காரர் வருவார்கள், அங்கே நீதிமன்றம்.

சுன்னாகத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாதையில் யாழ்ப்பாணத்துக்கு அடுத்தபடி உயிருள்ள நிலையம் அதுதான். காரணம் சந்தை. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைகிற வெங்காயம், மிளகாய், வாழைக்குலை, கிழங்கு, மரக்கறி எல்லாம் வந்து குவியும் இடம் சுன்னாகம். ரயில் ஓடிய பழைய நாட்களில் தட்டிவானிலும் மாட்டுவண்டிலிலும் வந்து சேர்ந்த சரக்கில் ஒரு பங்கு பொதி வண்டியில் ஏறித் தெற்கே போகும். சந்தையும் நிலையமும் பஸ் சந்தியும் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதால், நெடுந்தூர வண்டியில் வருகிறவர் சுன்னாகத்தில் இறங்கினால் புன்னாலைக்கட்டுவன், ஏழாலை, அளவெட்டி, சண்டிலிப்பாய் என்று எந்தப் பக்கமும் போக வழி கிடைக்கும். இணுவில், கோண்டாவில்க்காரர்கூட ஊரில் வண்டி நிற்காவிட்டால் சுன்னாகத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்த்தான் ஏற வேண்டும்.

தெல்லிப்பழையின் முக்கியம் வேறு மாதிரி. துர்க்கை அம்மன் கோவிலுக்கும் யூனியன், மகாஜனா கல்லூரிகளுக்கும் பெயர்போன ஊர். இன்று ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக வடமாகாணம் முழுவதிலுமிருந்து நோயாளர் வருகிறார்கள். சிகிச்சைக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டிய ஒரு நோயாளருக்கு, வன்னியிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வருவதற்கும் ரயிலில் சாய்ந்து உட்கார்ந்து வருவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை. தெல்லிப்பழையில் எந்த வண்டி எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதை முடிவுசெய்கிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மாவிட்டபுரம் திருவிழாக் கால நிலையம். கந்தசுவாமி கோவில் திருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு முடியும். தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குப் போகும் நாளும் அதுவே. சண்டைக்கு முந்திய காலத்தில் அந்தக் கூட்டத்துக்கு ரயில்தான் வசதி. காங்கேசன்துறைக்கு 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. சுற்றுவட்டாரச் சுண்ணக்கல்லைத் தோண்டி அரைத்த சீமெந்து அங்கிருந்து ரயிலிலேயே தெற்கே போனது. பயணிகளோடு சரக்கும் இருந்ததால்தான் பாதையின் இந்த வால் பகுதியை ஒருவரும் வீண்செலவாகப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1985 ஜனவரியில் முறிகண்டியில் யாழ் தேவி தாக்கப்பட்டது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் கொஞ்சக்காலம் நம்பிக்கை வந்தது. 1990 ஜூனில் கடைசி வண்டி யாழ்ப்பாணத்தைவிட்டுப் போனது. அதன்பின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. இரண்டு தரப்பும் அதைச் செய்தன. நிலையக் கட்டடங்களில் கூரை போய்ச் சுவர் மட்டும் நின்றது. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் ரயில் காணிகளில் கொட்டில் போட்டு வாழ்ந்தார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். மாவிட்டபுரமும் காங்கேசன்துறையும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை ரயிலைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தது. கொழும்புக்குப் போக வேண்டியவர் ஏ9 வீதி திறந்திருந்த நாட்களில் பஸ்ஸில் வவுனியா போய் அங்கே ரயில் எடுத்தார்.

திரும்பக் கட்டியது இந்தியக் கடனுதவியில், இந்திய அரசு நிறுவனமான இர்கொன். ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீற்றர், பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றர். கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரில் வண்டி வந்தது. பளைக்கு 2014 மார்ச்சில். யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13 அன்று. காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி 2 அன்று. அந்தக் கடைசித் திகதிதான் கோண்டாவில் தொடங்கி மாவிட்டபுரம் வரையுள்ள நிலையங்கள் எல்லாவற்றுக்கும் மறுபிறப்பு நாள். அப்போதும் வடக்கு முனையில் பல காணிகள் விடப்படாமல் இருந்தன. மக்கள் போக முடியாத தங்கள் வளவுகளுக்கு நடுவால் ரயில் ஓடியது. காணிகள் பிறகு கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கப்பட்டன.

இனி வசதிகள். யாழ்ப்பாண நிலையம் ஒழுங்கான பெரிய நிலையம். ஆசனப் பதிவு அங்கே செய்யலாம், காத்திருக்கும் இடம், கழிப்பறை, வாகனம் விட இடம் எல்லாம் உண்டு. ஓட்டோ வாசலிலேயே நிற்கும். ஆனால் மத்திய பஸ் நிலையமும் போதனா வைத்தியசாலையும் அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். வெயிலில் பையோடு நடக்க அது தூரம்தான். நீங்கள் ரயிலில் நகரத்துக்குப் போவதானால் இந்த ஒரு கிலோமீற்றரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பஸ் உங்களை நகரத்தின் நடுவில் இறக்கும், ரயில் கிழக்கு ஓரத்தில் இறக்கும்.

சிறிய நிலையங்களில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சிறிய கட்டடம், பயணச்சீட்டுக் கொடுக்கும் சாளரம், சில வாங்குகள், ஒரு மேடை. சீட்டுச் சாளரம் வண்டி வரும் நேரத்தையொட்டித்தான் திறக்கும், ஆகவே ஐந்து பத்து நிமிடம் முந்திப் போங்கள். தேநீர்க்கடை உள்ளே இருக்காது, சந்திக்குத்தான் வரவேண்டும். ஒற்றைப் பாதை என்பதால் படியேறிப் பாலம் கடக்கும் வேலை இல்லை. வயதானவர்களுக்கு அது நல்லது. ஆனால் மேடையிலிருந்து பெட்டிக்குள் ஏறும் படி உயரம். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு ஒரு கை கொடுக்க ஆள் வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர் உதவியில்லாமல் ஏற முடியாது. இந்தக் குறை நாடு முழுவதும் உண்டு என்று சொல்லி விட்டுவிடக்கூடாது, சண்டையில் கால் இழந்தவர்கள் இவ்வளவு பேர் வாழும் மாகாணத்தில் அது முதல் திருத்தமாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று கடவைகள். வலிகாமம் ஒழுங்கைகளால் ஆன இடம். பாதையைக் குறுக்கே வெட்டும் ஒழுங்கைகள் ஏராளம், எல்லாவற்றிலும் படலை கிடையாது. புதிய பாதையில் வண்டி பழைய காலத்தைவிட வேகமாகவும் சத்தம் குறைவாகவும் வருகிறது. பாதை திறந்தபின் பாதுகாப்பற்ற கடவைகளில் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. கடவைக் காப்பாளர்கள் சொற்பக் கொடுப்பனவுக்கு வேலைசெய்துகொண்டு நிரந்தர நியமனம் கேட்டுப் போராடியதும் நடந்தது. நீங்கள் பாதைக்குக் கிட்டக் குடியிருப்பதால் சொல்கிறேன்: பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் வழியில் கடவை இருந்தால், காதில் ஒன்றும் மாட்டாமல் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடக்கப் பழக்குங்கள். தண்டவாளத்தை நடைபாதையாகப் பாவிப்பதும் இங்கே வழக்கமாகிவிட்டது. அதைச் செய்யவே வேண்டாம்.

இப்போது உங்கள் நாளாந்தப் பயணம். இந்தப் பாதையில் ஓடுபவை அநேகமாகக் கொழும்பு வண்டிகள். காலையில் காங்கேசன்துறையிலிருந்து தெற்கே புறப்படுவதும், பின்னேரமும் இரவும் தெற்கிலிருந்து வந்து சேர்வதும் அவற்றின் போக்கு. இரவுத் தபால் வண்டி விடிய வந்து சேரும். இவற்றின் நேரத்தைத் தீர்மானிப்பது கொழும்பு கோட்டை நிலையம், யாழ்ப்பாணத்துக் கந்தோர் மணி அல்ல. பின்னேரம் நான்கரைக்குக் கந்தோர் முடிந்து நிலையத்துக்கு ஓடினால், வடக்கே போகும் வண்டி அப்போது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இருந்தாலும் தெற்கே எங்கோ தாமதித்தால் இங்கும் தாமதம். நானூறு கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடிவந்த வண்டி கடைசிப் பத்துக் கிலோமீற்றரை நேரத்துக்கு ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. விரைவு வண்டிகள் எல்லாச் சிறு நிலையங்களிலும் நிற்பதும் இல்லை. காங்கேசன்துறை வீதியிலோ பலாலி வீதியிலோ நின்றால் பஸ் கொஞ்ச நேரத்துக்கு ஒன்று வரும். அதனால்தான் நகரத்துக்கு பஸ் என்றேன்.

கொழும்பு வண்டிகளையே நம்பியிருக்கும் இந்தச் சார்பு எவ்வளவு ஆழமானது என்பது 2023 இல் தெரிந்தது. மாகோவிலிருந்து ஓமந்தை வரையான 128 கிலோமீற்றர் பாதையைத் திருத்த, அந்த வருடம் ஜனவரியில் அநுராதபுரத்துக்கு வடக்கே பாதையை மூடினார்கள், ஜூலையில் திறந்தார்கள். 2024 இல் மாகோ–அநுராதபுரம் பகுதி மூடப்பட்டு ஒக்டோபரில் திறந்தது. வேலை நல்ல வேலை, வேண்டிய வேலை. ஆனால் நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு திருத்தம் நடந்தால் கோண்டாவில் நிலையத்தின் காலையும் மாலையும் குழம்பிவிடுகிறது. இங்கே புதிய தண்டவாளமும் சமிக்ஞை விளக்கும் நிலையங்களும் குறையில்லாமல் இருந்தன. போதாமல் இருந்தது இந்த ஊருக்கென்று ஓடும் வண்டிதான்.

அது எவ்வளவு கஷ்டம்? ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் விலகப் பக்கப்பாதை வேண்டும், அடிக்கடி ஓடும் சேவைக்கு அது தடைதான். ஆனால் ஒரேயொரு சிறிய டீசல் வண்டித் தொகுதியைக் காங்கேசன்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் காலை இரண்டு தரம், பின்னேரம் இரண்டு தரம் ஓட்டுவதற்கு இருக்கிற பாதையே போதும் என்று நினைக்கிறேன். கொழும்பு வண்டி வரும்போது யாழ்ப்பாண நிலையத்தில் ஒதுங்கி நிற்கலாம். மாணவர், கந்தோர்க்காரர், சுன்னாகம் சந்தைக்கு வருகிறவர், தெல்லிப்பழைக்குச் சிகிச்சைக்கு வருகிறவர் எல்லாருக்கும் அது உதவும். நாகபட்டினத்திலிருந்து 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பல் சேவையில் காங்கேசன்துறையில் வந்து இறங்குகிறவருக்கும்தான்.

உங்கள் விஷயத்தில் செய்யக்கூடியது: நிலையத்தில் நேர அட்டவணையைக் கேட்டு, உங்கள் கந்தோர் நேரத்துக்குக் காலை வண்டி ஒத்துவந்தால் காலையில் மட்டும் ரயில், பின்னேரம் பஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் பழகிப் பார்த்த பிறகே பருவச்சீட்டு எடுங்கள், வேலைத்தலத்தைக் காட்டும் கடிதம் தேவைப்படுமா என்பதையும் அதே சாளரத்தில் விசாரியுங்கள். மாணவர்களுக்குச் சலுகை விலை உண்டு. அரச ஊழியர் என்றால் லீவுக்குக் கொழும்பு போக இலவசப் பயணத்துக்கான ரயில் வாரண்ட் கிடைக்கும். ஆனால் பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நல்லூர்த் திருவிழா நாட்களில் ஆசனம் கடைசி நேரத்தில் கிடைக்காது, பதிவு திறந்த உடனே செய்துவிடுங்கள். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். சைக்கிளை நிலையத்தில் விடுவதானால் பூட்டிவிட்டுப் போங்கள்.

உள்ளூர் வண்டி கேட்டு எழுதுவதானால் தனியாக எழுதாமல், உங்கள் கந்தோரில் வடக்கிலிருந்து வருகிறவர்களின் ஊரையும் வேலை நேரத்தையும் ஒரு தாளில் சேர்த்து, பிரதேச செயலகம் ஊடாக ரயில்வே திணைக்களத்துக்கு அனுப்புங்கள். நேர அட்டவணை போடுகிறவருக்கு உருக்கமான கடிதத்தைவிட, கோண்டாவிலில் காலை ஏழரைக்கு எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற கணக்குத்தான் உதவும்.